எண்ணெய் வற்றிய விளக்கு

காலம் பொன் போன்றது என்னும் வாசகம் எழுதப்படாத பாடசாலைச் சுவரை நம் நாட்டிற் காண்பது அரிது. நல்ல வாசகந்தான். ஆயினும், பொன்னுக்கும் காலத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பொன்னைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். உரியவன் நோயுற்றுக் கிடந்தாலும் அதன் மதிப்புக் குறைவதில்லை. காலமோ, அதனைக் கையாளுகின்றவனின் உடலும் உள்ளமும் நலமாக இருக்குமளவே பயன் தரும். களைத்துப்போன ஒருவனுக்கு எத்தனை மணித்தியாலங்களை அள்ளிக் கொடுத்தாலும், அவை விரலிடுக்கால் வழியும் நீர்போல் ஓடிவிடும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் மகனோ மகளோ, "நேரம் போதவில்லை, படிப்பது மனத்தில் நிற்கவில்லை" என்று முறையிடும்போது நாம் இந்த வேற்றுமையை மறந்துவிடுகிறோம். "நேர அட்டவணை ஒன்றைப் போட்டுப் படி, காலை நான்கு மணிக்கே எழும்பு" என்று புத்தி சொல்கிறோம். பிள்ளையும் அட்டவணை எழுதுகிறது. மூன்று நாட்கள் அதன்படி நடக்கிறது. நான்காம் நாள் தவறுகிறது. ஐந்தாம் நாள் அட்டவணையோடு தன்னம்பிக்கையும் போய்விடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதற்குப் பரிகாரம் யாது என்பதை இவ்வாரம் சிந்திப்போம், நேயர்களே.

விளக்கில் எண்ணெய் உள்ளவரை எரிவது எண்ணெய். எண்ணெய் வற்றிய பின்னரும் விளக்கு உடனே அணைந்துவிடுவதில்லை. அப்பொழுது திரியே எரியத் தொடங்குகிறது. புகை எழுகிறது, வெளிச்சம் மங்குகிறது. தொலைவில் நிற்பவருக்கு மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதாகவே தோன்றும். இடைவிடாத உழைப்பினால் உள்ளம் வறண்டுபோன மாணவனின் நிலையும் இதுவே. விரிவுரைக்குப் போகிறான், புத்தகத்தின்முன் அமர்ந்திருக்கிறான், எரிவது எண்ணெயா, திரியா என்பது அவனுக்கே தெரியாது.

ஆங்கிலத்தில் இந்நிலைக்கு வழங்கும் பெயரும் எரிந்து தீர்தல் என்னும் பொருளுடையதே. 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த உளவியலறிஞர் ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர், இலவச மருத்துவ நிலையமொன்றிற் பணியாற்றிய தொண்டர்களிடம் கண்ட சோர்வினை இப்பெயரால் விவரித்தார். 1981 இல் கிறிஸ்டினா மஸ்லாக் என்னும் அம்மையாரும் சூசன் ஜக்சனும் அதனை அளந்தறிவதற்கான வினாக்கொத்தினை வெளியிட்டனர். பணியாற்றுவோரைப் பற்றித் தொடங்கிய இவ்வாராய்ச்சி, 2002 இல் ஸ்பெயின், போர்த்துக்கல், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களிடத்தும் நடத்தப்பட்டது. மாணவனுக்குப் படிப்பே தொழில் அல்லவா? உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதனை ஒரு நோயாகக் கொள்ளாது, தொழில் சார்ந்த நிலைமையாகவே வரையறுத்தது.

இந்நிலையின் அடையாளங்கள் மூன்று. முதலாவது, ஒருநாள் ஓய்வினால் தீராத களைப்பு. இரண்டாவது, முன்னர் விரும்பிக் கற்ற பாடத்தின்மீதே தோன்றும் வெறுப்பும் ஏளனமும். மூன்றாவது, எவ்வளவு முயன்றாலும் தன்னால் ஆகாது என்னும் எண்ணம். இம்மூன்றும் கூடி வரும்போது வீட்டார் பெரும்பாலும் அதற்குச் சூட்டும் பெயர் சோம்பல் என்பது. ஆனால், சோம்பேறிக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது எளிது. சோம்பேறி வேலையை விட்டுவிட்டு இன்புறுவான். இவர்கள் வேலையை விட்டிருக்கும் நேரத்திலும் இன்புறுவதில்லை. மேலும், திரி கருகுவது ஏற்றிய விளக்கிலேதான். உழைத்தவருக்கே இந்நிலை வருகிறது.

நம் நாட்டு மாணவரிடம் இது பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளில் ஏன் தலைகாட்டுகிறது என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. க.பொ.த. உயர்தரப் பரீட்சை என்னும் மலையை அவர்கள் அப்பொழுதுதான் ஏறி முடித்திருக்கிறார்கள். 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதலாகப் பல்கலைக்கழக அனுமதியை 'இசட்' புள்ளியே தீர்மானிக்கிறது. தசமத்தின் நான்காம் இலக்கம் வரை பார்த்து வெட்டுப்புள்ளி வகுக்கப்படுகிறது. ஆகவே காலையிற் பாடசாலை, மாலையில் ரியூசன், சனி ஞாயிறுகளிலும் ரியூசன் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் கழிகின்றன. அக்காலம் முழுவதும் பிள்ளையின் நேரத்தைப் பிறரே ஆள்கின்றனர். பாடசாலை மணி ஆள்கிறது; வகுப்பாசிரியர் ஆள்கிறார்; இரவிலே தேநீருடன் அருகில் வந்து நிற்கும் தாய் ஆள்கிறாள். தன் நேரத்தைத் தானே ஆளும் பயிற்சியைப் பெறாமலே பிள்ளை விடுதிக்குப் போய்ச் சேருகிறது.

பதுளைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குச் செல்லும் ஒரு மாணவியை உதாரணமாக மனக்கண்முன் நிறுத்துவோம். அவளுடைய குடும்பத்திற் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கும் முதலாமவள் அவளே. உயர்தரம் வரை தமிழிற் கற்றவள், இனி ஆங்கிலத்திற் கற்கவேண்டும். தோழியர் அரை மணித்தியாலத்தில் வாசிக்கும் பக்கங்களை அவள் அகராதியின் துணையோடு ஒன்றரை மணித்தியாலத்தில் வாசிக்கிறாள். மகாபொலப் பணம் மாத முடிவு வரை நீளாதபடியால், வார இறுதியிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறாள். அதில் மிஞ்சுவதைத் தம்பியின் படிப்புக்கு அனுப்புகிறாள். அவள் தோல்வியுற்றால் வீழ்வது ஒருத்தியல்லள் என்பதை எவரும் சொல்லாமலே அவள் அறிவாள். இத்தகையவளிடம் போய், காலத்தை வீணாக்காதே என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்?

அவளுடைய ஒரு வாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். ஆண்டுக்கு 30 கிரெடிட்டுகள். ஆகவே 1500 மணித்தியாலங்கள். ஓர் அரையாண்டுக்கு 750. அதனைப் பாடம் நடைபெறும் 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால், வாரத்துக்கு 50 மணித்தியாலங்கள் வருகின்றன. விரிவுரை, செய்முறை, ஒப்படை, சொந்த வாசிப்பு யாவும் இதனுள் அடங்கும். வாரத்திலுள்ள மணித்தியாலங்கள் 168. நாளுக்கு 8 வீதம் நித்திரைக்கு 56 போக, மிஞ்சுவன 112. கற்றலுக்கு 50 போக, 62. குளித்தல், உண்ணல், துணி துவைத்தல், போக்குவரத்து என நாளுக்கு 4 வீதம் 28 போக, 34. ஆங்கிலத்தின் பொருட்டு மேலதிகமாக 10, பாடஞ் சொல்லிக் கொடுக்க 8 என்று கழித்தாலும், இன்னும் 16 மணித்தியாலங்கள் எஞ்சி நிற்கின்றன.

நேரம் இருக்கிறது. பின்னர் அது எங்கே மறைகிறது? படிப்புமல்லாத, ஓய்வுமல்லாத ஒருவகை நேரம் உண்டு, அதிலேதான் மறைகிறது. புத்தகம் திறந்திருக்கும், கையடக்கத் தொலைபேசியும் கையிலிருக்கும். கண் ஒன்றிலும் மனம் மற்றொன்றிலும் உலாவ, படிக்கவில்லையே என்னும் குற்றவுணர்வு இரண்டையும் கெடுக்கும். இரண்டு மணித்தியாலம் சென்றபின் படித்த பயனும் இல்லை, ஓய்ந்த பயனும் இல்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய நித்திரையிற் கைவைக்கிறார்கள். நித்திரை குறைய மறுநாள் கவனம் குறைகிறது. கவனம் குறைய இந்த இரண்டுங்கெட்ட நேரம் பெருகுகிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற சுற்று இது. இச்சுற்றிலே சிக்கியவரிடம் இன்னும் இறுக்கமான அட்டவணையைக் கொடுத்தால், செக்கு மேலும் விரைந்து சுற்றுவதன்றி வேறு பயன் விளையாது.

இங்கே திருக்குறளின் ஓர் ஒழுங்கினைக் கவனிப்பது நன்று. காலமறிதல் என்பது அதன் 49 ஆம் அதிகாரம். அதற்கு முன்னதாக, 48 ஆவதாக நிற்பது வலியறிதல். மென்மையான மயிலிறகாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு தாங்காது என்னும் உவமை அந்த அதிகாரத்திலேயே வருகிறது. அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். எனினும் மாணவனுக்கும் ஏற்றது. முதலிற் தன் வலிமையை அறிதல் வேண்டும். காலத்தை வகுத்தல் அதன்பின். உள்ளம் வறண்டவர் மீண்டெழும் வழியும் இந்த ஒழுங்கிலேயே அமைய வேண்டும்.

ஆதலால் முதற்படி நித்திரை. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ளோருக்கு 7 முதல் 9 மணித்தியால நித்திரை வேண்டுமென்பது 2015 இல் அமெரிக்கத் தேசிய நித்திரை மன்றம் வெளியிட்ட பரிந்துரை. பகலிற் கற்றதை மூளை நிலைப்படுத்துவது பெரிதும் உறக்கத்திலேதான். எனவே, விடிய விடியக் கண்விழித்துப் படிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும். நான்கு மணிக்கு எழும்புவதிற் குற்றமில்லை. ஆனால் முதல்நாள் இரவு ஒன்பதுக்கு முன்பே படுத்தவர்க்கு மட்டுமே அது நன்மை தரும். மாலை ஆறு மணிக்கு அருந்திய கடுந்தேநீரின் கஃபீன், இரவு பதினொரு மணிக்கும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் நிற்கும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று. முதல் இரண்டு வாரங்களுக்கு வேறெந்தச் சீர்திருத்தமும் வேண்டாம். ஒரே நேரத்திற் படுத்து ஒரே நேரத்தில் எழுவதை மட்டும் பழக்கமாக்கினாற் போதும்.

இரண்டாம் படி, சுமையை இறக்குதல். செய்யவேண்டியவை யாவற்றையும் ஒரு தாளில் எழுதுக. மனத்திலே சுமக்கும்வரை பத்து வேலைகள் நூறாகத் தோன்றும். தாளில் இறக்கியதும் பத்து பத்தாகவே நிற்கும். பின்னர் அவற்றை இப்பொழுதே செய்யவேண்டியவை, தள்ளிவைக்கக் கூடியவை, விட்டுவிடக் கூடியவை என மூன்றாகப் பிரிக்குக. சங்கப் பொறுப்புகளும், நண்பர்க்காக மறுக்கமுடியாது ஏற்ற வேலைகளும் பெரும்பாலும் மூன்றாம் பகுதியிற் சேரும். ஒப்படையைக் குறித்த நாளில் முடிக்க இயலாதென்று தோன்றினால், நாள் கடந்தபின் ஒளிந்து திரிவதிலும், முன்னரே விரிவுரையாளரிடமோ மாணவ ஆலோசகரிடமோ சென்று சொல்வது மேல். சுகவீனத்தாற் பரீட்சைக்குத் தோற்றாமல் விடுதல், காரணமின்றி வராதிருத்தல் ஆகிய இரண்டையும் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக நோக்குவதில்லை. தம் பீடத்தின் விதிமுறைகளை ஒவ்வொரு மாணவரும் அமைதியான காலத்திலேயே படித்து வைத்திருத்தல் வேண்டும்.

இவ்விரண்டும் கைகூடிய பின்னரே மூன்றாம் படியான அட்டவணை. அதனை எழுதும் முறையையும் சற்று மாற்றுவோம். வழக்கமாகப் படிப்பை முதலில் எழுதி, மிச்சமிருந்தால் ஓய்வு என்று விடுகிறோம். அவ்வாறு செய்யாது, நித்திரை, மூன்று வேளை உணவு, அரை மணித்தியால நடை, வாரத்தில் ஓர் அரைநாள் முழு விடுமுறை ஆகியவற்றை முதலிலே குறித்திடுக. பேராதனையிற் பயில்வோருக்கு மகாவலியின் கரையும் மரநிழலும் காசின்றிக் கிடைத்த பேறு. அடுத்து விரிவுரைகளைக் குறிக்க. எஞ்சிய இடத்திலேயே சொந்தப் படிப்பு. அந்த அரைநாளிற் புத்தகத்தைத் தொடாதிருப்பதும் ஒரு கடமை என்றே கொள்ள வேண்டும்.

படிக்கும் நேரத்தைச் சிறு கூறுகளாக வகுத்துக்கொள்வது பயன் தரும். 1980 களின் பிற்பகுதியில், பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர், தக்காளி வடிவான சமையலறைக் கடிகாரத்தைத் துணைக்கொண்டு, 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறையை அமைத்தார். இன்று பல நாட்டு மாணவரும் கையாளும் முறை அது. அந்த 25 நிமிடத்துக்கும் தொலைபேசி அறையின் வேறொரு மூலையில் இருக்கட்டும். அன்று கேட்ட விரிவுரையை அன்று மாலையே சிறிது நேரம் மீட்டுவதும், சில நாட்கள் கழித்து மறுபடி பார்ப்பதும், பரீட்சைக்கு முதல்நாள் முழுவதையும் விழுங்க முயல்வதிலும் சிறந்தவை. இடைவெளி விட்டுக் கற்பதன் பயனை 1885 இலேயே ஜேர்மானிய அறிஞர் ஹேர்மன் எபிங்கவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கண்டு வெளியிட்டார்.

மற்றொன்றும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் செல்லுமென்று கணிப்பதில் நாம் எல்லோரும் தவறுகிறோம். கனடாவிலே இறுதியாண்டு மாணவரிடம், ஆய்வுக் கட்டுரையை முடிக்க எத்தனை நாள் செல்லும் என்று கேட்டார்கள். சராசரியாக அவர்கள் சொன்னது ஏறத்தாழ 34 நாட்கள். உண்மையிற் சென்றது ஏறத்தாழ 55 நாட்கள். 1994 இல் வெளியான ஆய்வு இது. ஆதலால், ஒரு வேலைக்கு இரண்டு மணித்தியாலம் என்று தோன்றினால், அட்டவணையில் மூன்று என்று எழுதுவதே விவேகம். குலையாத அட்டவணை, இடைவெளி உள்ள அட்டவணையே.

இவை யாவும் மாணவர் செய்யவேண்டியவை. பெற்றோரான நமக்கும் ஒரு பங்கு உண்டு. விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை முதல் மூன்று நாட்கள் நண்பகல்வரை உறங்கினால், "படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது?" என்று தட்டி எழுப்பாதிருப்போம். தொலைபேசியிற் பேசும்போது, எத்தனை பாடம் முடிந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, "சாப்பிட்டாயா? நன்றாக உறங்கினாயா?" என்று கேட்போம். "உன்னை நம்பித்தான் இக்குடும்பம் இருக்கிறது" என்னும் சொல்லை நாம் அன்பினாலே சொல்கிறோம். தொலைவிலிருந்து தனியே கேட்கும் பிள்ளைக்கு அது தலைமேல் ஏற்றிய மூட்டையாகிவிடுகிறது. ஒரு பாடம் தவறினால் அதனை வீட்டுக்கு வந்து சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருக்கின்றதா என்று ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும். தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம். சொல்ல அஞ்சி மறைத்துத் திரியும் பிள்ளையை மீட்பது அதனினும் கடினம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய களைப்பு, ஓய்வும் ஒழுங்கும் கிடைத்தால் வாரக்கணக்கிலாவது தணியத் தொடங்கும். பல மாதங்களிற் திரண்டது இரண்டு நாளிற் கரையாது, பொறுமை வேண்டும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலுமே நாட்டமின்றி, உணவும் உறக்கமும் கெட்டு, வாழ்வதிற் பயனில்லை என்னும் எண்ணம் தோன்றுமாயின், அதனை வெறுங் களைப்பென்று கருதியிருத்தல் ஆகாது. அது மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டிய நிலை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் உதவிக்கு உண்டு. 1974 முதல் நம் நாட்டில் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பினரும், துயருற்றோர் சொல்வதை இரகசியம் பேணிச் செவிமடுப்பர். காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் எவ்வாறு வெட்கமில்லையோ, அவ்வாறே இதிலும் வெட்கமில்லை.

அன்புள்ள மாணவ மாணவியரே, விளக்கில் எண்ணெய் ஊற்றும் அந்தச் சில கணங்களைச் சுடர் வீணான நேரமென்று எண்ணுவதில்லை. உங்கள் நித்திரையும், நடையும், நண்பரோடு சிரித்துப் பேசும் மாலையும் அத்தகையனவே. தாய்மார்களே, தந்தையரே, நம் வீட்டு விளக்கு நெடுங்காலம் எரியவேண்டியது. இன்றிரவு பிள்ளையுடன் பேசும்போது, எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.